பதிப்பு 3 நிறுவும் முன்: பழைய புராஜெக்டின் ஒலி மாறாது, புதியதில் மாறும்

வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அலைவடிவம் வரைந்து ஒலி உருவாக்கும் நம் பிளகினின் (இசை மென்பொருளுக்குள் ஓடும் துணை நிரல்) மூன்றாம் பதிப்பு உங்கள் கணக்கில் டவுன்லோடுக்கு வந்துவிட்டது. இரண்டாம் பதிப்பு வாங்கியவர்களுக்கு இது இலவசம். ஆனால் உடனே நிறுவிவிடாமல் இந்த மடலை முழுக்கப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். இந்த முறை ஒலி எஞ்சினிலேயே கை வைத்திருக்கிறோம். பாதி முடிந்த பாட்டு, நாளைக்குக் கொடுக்க வேண்டிய பின்னணி இசை என்று கையில் வேலை இருப்பவர்கள் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது.

மாறாததை முதலில் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் பதிப்பில் சேமித்த புராஜெக்டைத் திறந்தால் பிளகின் பழைய எஞ்சினிலேயே ஓடும். மேல் வலது மூலையில் ‘எஞ்சின் 2’ என்று காட்டும். நீங்களாக அதைத் தொட்டு மாற்றும் வரை அது மாறாது. முடித்துக் கொடுத்த பாட்டை ஒரு வருடம் கழித்து ஸ்டெம் (வாத்தியம் வாரியாகத் தனிக் கோப்பு) எடுக்கத் திறந்தால், அன்று கேட்டதுதான் கேட்க வேண்டும். இதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு கிடையாது.

எங்கள் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதிக்கலாம். நிறுவும் முன் ஒரு டிராக்கை 24 பிட் வேவ் கோப்பாக பவுன்ஸ் செய்து (ஒலிக்கோப்பாக எழுதி) வையுங்கள். நிறுவிய பின் அதே டிராக்கை மறுபடி பவுன்ஸ் செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்த டிராக்கில் போட்டு, ஒன்றின் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு (அலையைத் தலைகீழாக்கி) ஒன்றாக ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும், மீட்டர் அசையக்கூடாது. சோதனைக்கு மட்டும் ‘ரேண்டம் ஃபேஸ்’ குமிழை 0 ஆக்கி, கோரஸை அணைத்துவிட்டு இரண்டு பவுன்ஸையும் எடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அலை வேறு இடத்தில் தொடங்கும். ஒரே எஞ்சினில் எடுத்த இரண்டு பவுன்ஸ்கூட ஒன்றையொன்று அழிக்காது.

இனி, எஞ்சினை ஏன் மாற்றினோம் என்பது. நீங்கள் வரையும் ஒரு சுற்று அலை 2,048 சாம்பிள் (அலையின் உயரத்தைக் குறிக்கும் புள்ளி) நீளம். அதில் 1,024 ஹார்மோனிக்ஸ் (சுரத்தின் அதிர்வெண்ணுக்கு 1, 2, 3 என்று முழு மடங்கில் ஒலிக்கும் கூறுகள்) வரை அடங்கும். 44,100 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு 44,100 சாம்பிள்) அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் நிற்க முடியாது. மேலே போவது மடங்கிக் கீழே திரும்பி வரும். அலியாஸிங் என்பது இதுதான். அதனால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஹார்மோனிக்ஸ் குறைத்த ஒரு பிரதி செய்து வைப்பது வழக்கம். இரண்டாம் பதிப்பு அந்தப் பிரதியை ஸ்தாயியின் அடிச் சுரத்துக்கு அளந்து செய்தது. 440 ஹெர்ட்ஸில் தொடங்கும் ஸ்தாயிக்கு 50 ஹார்மோனிக்ஸ். 440ஐ 50ஆல் பெருக்கினால் 22,000. அடிச் சுரத்தில் சரியாக அடங்கியது. அதே பிரதியில் மேலே ஐந்தரைக் கட்டையை, அதாவது 830.6 ஹெர்ட்ஸ் ஜி ஷார்ப்பை அழுத்திப் பாருங்கள். ஐம்பதாவது ஹார்மோனிக் 41,530இல் விழ வேண்டும். மடங்கி 2,570 ஹெர்ட்ஸில் வந்து உட்காரும். உண்மையான மூன்றாவது ஹார்மோனிக் இருப்பது 2,492இல். பக்கத்திலேயே, சுருதி சேராமல், இன்னொரு குரல். இப்படி 27ஆவதிலிருந்து 50ஆவது வரை 24 ஹார்மோனிக்ஸ் தவறான இடங்களில் வந்து விழுந்தன.

மேல் சுரங்களில் மணல் அரைப்பது போல ஒரு சத்தம் வருகிறது என்று எழுதியவர்கள் கேட்டது இதைத்தான். பிட்ச் வீலை மெல்ல மேலே தள்ளினால் இன்னும் தெளிவாகத் தெரியும்: சுரம் ஏற ஏற அந்தச் சத்தம் இறங்கிக்கொண்டே வரும். அப்படி எதிர்த்திசையில் ஓடினால் அது அலியாஸிங்தான், சந்தேகமே வேண்டாம்.

மூன்றாம் பதிப்பில் ஒரு ஸ்தாயிக்கு ஒன்று என்பதற்குப் பதிலாக நான்கு பிரதிகள். மூன்று அரைச்சுரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் அந்த மூன்றின் உச்சிக்கு அளந்திருக்கிறோம், அதனால் எதுவும் மடங்காது. இதற்குக் கொடுக்கும் விலை, மோசமான இடத்தில் ஹார்மோனிக்ஸ் 18,500 ஹெர்ட்ஸ் வாக்கில் நின்றுவிடும். மிக்ஸில் அது தெரியாது என்பதே எங்கள் முடிவு. மணல் சத்தம் எப்போதும் தெரியும்.

இதோடு சேர்ந்து ஒலி அளவும் மாறுகிறது. எஞ்சின் மாற்றும்போது கவனிக்க வேண்டியது இதைத்தான். ரம்பப்பல் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனிக்ஸை ஓர் எல்லையில் வெட்டினால், செங்குத்தாக விழும் இடத்தில் அலை துள்ளும். தாவும் உயரத்தில் சுமார் 9 சதவீதம் துள்ளல். உச்சி 1 என்று நீங்கள் வரைந்தது 1.18 ஆகிவிடும். கணிதத்தில் இதை கிப்ஸ் விளைவு என்பார்கள். பழைய எஞ்சின் ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாக உச்சி 1க்குக் கொண்டுவந்தது. விளைவு, ஒரே ஹார்மோனிக் மிஞ்சும் உச்சி சுரத்தில் ஆதார சுரத்தின் (முதல் ஹார்மோனிக்கின்) பலம் 1. நூற்றுக்கணக்கில் ஹார்மோனிக்ஸ் உள்ள அடி சுரத்தில் 0.54. கிட்டத்தட்ட 5 டெசிபல் வித்தியாசம். புதிய எஞ்சினில் எல்லாப் பிரதிக்கும் ஒரே அளவுகோல். ஆகவே பழைய பிரீசெட்டைப் புதிய எஞ்சினுக்கு மாற்றினால் மேல் சுரங்கள் சற்று அடங்கித்தான் கேட்கும். அது பழுது அல்ல. ஃபில்டரில் கீ டிராக்கிங்கைக் (சுரம் ஏற ஏற ஃபில்டரும் திறப்பதைக்) கொஞ்சம் ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆசிலேட்டருக்கு (அலையை ஓட்டி ஒலியாக்கும் பகுதிக்கு) பின் டிஸ்டார்ஷன் வைத்திருந்தால் டிரைவையும் மறுபடி காதால் பார்த்து வைக்க வேண்டும்.

மெமரிக் கணக்கு: ஒரு சுற்று அலை ஒரு ஃபிரேம், ஃபிரேம்களின் வரிசை ஒரு வேவ்டேபிள். 2,048 சாம்பிள், 256 ஃபிரேம், ஒரு சாம்பிளுக்கு 4 பைட் என்றால் ஒரு பிரதி 2 எம்பி. பத்து ஸ்தாயிக்கு 40 பிரதி, ஆக 80 எம்பி. வேறு வேறு வேவ்டேபிளோடு பத்து டிராக் திறந்தால் 800 எம்பி. ஒரே வேவ்டேபிளைப் பல டிராக்கில் பயன்படுத்தினால் ஒருமுறைதான் கணக்கு. 8 ஜிபி லேப்டாப்பில் வேலை செய்பவர்கள் ஃபிரேம்களை 64 ஆகக் குறையுங்கள், 20 எம்பியில் முடியும். 64 என்பது ஏழ்மையான எண் அல்ல. ஹாம்பர்கில் வோல்ஃப்காங் பாம் உருவாக்கிய பிபிஜி வேவ் சிந்தசைசரில் ஒரு டேபிளுக்கு 64 இடங்கள்தான். 80களின் எத்தனையோ ஒலிகள் அதற்குள் பிறந்தவை.

வரைவதைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: மென்மையாக வரைந்தேன், ஏன் கரகரக்கிறது? அலையின் கடைசிப் புள்ளியையும் முதல் புள்ளியையும் பாருங்கள். வலது ஓரம் 0.3இல் முடிந்து இடது ஓரம் 0இல் தொடங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு தாவல். எத்தனை அழகாக நடுவில் வளைத்தாலும் அந்தத் தாவலே ரம்பப்பல் மாதிரி ஹார்மோனிக்ஸைக் கொட்டும், ஸ்தாயிக்கு 6 டெசிபல் மட்டுமே குறைந்துகொண்டு. உயரம் சேர்ந்து சாய்வு மட்டும் சேராமல் இருந்தால் 12 டெசிபல் வீதம் குறையும், அது பரவாயில்லை. ‘ஓரம் சேர்’ பட்டன் கடைசி 32 சாம்பிள்களை வளைத்து உயரம், சாய்வு இரண்டையும் சேர்க்கும். கூர்மை வேண்டியே வரைந்தவர்கள் அதை அழுத்தாதீர்கள். ஹார்மோனிக்ஸை நேரடியாக ஏற்றி இறக்க விரும்பினால் ‘பட்டை’ பக்கத்துக்குப் போங்கள். 1979இல் சிட்னியிலிருந்து வந்த ஃபேர்லைட் சிந்தசைசரில் லைட் பேனாவால் திரையில் அலை வரையலாம். அதிலும் ஹார்மோனிக்ஸைத் தனித்தனியாக அமைக்கும் வழி இருந்தது. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைவிட ஹார்மோனிக்ஸ் பட்டைதான் காதுக்கு அருகில் இருக்கிறது.

இன்னொன்று, அலையின் சராசரி பூஜ்யமாக இருக்க வேண்டும். கோட்டுக்கு மேலே அதிகமாக வரைந்துவிட்டால் டிசி ஆஃப்செட் சேரும். நின்று ஒலிக்கும்போது கேட்காது, சுரம் தொடங்கும்போதும் விடும்போதும் ‘டப்’ என்று தட்டும். புதிய எஞ்சின் இதைத் தானாகவே நீக்கிவிடுகிறது.

ஃபிரேமிலிருந்து ஃபிரேமுக்கு நகர்த்தும்போது நடுவில் ஒலி மெலிந்துபோகிறது என்பவர்களுக்கு: இரண்டு ஃபிரேமின் ஆதார சுரம் ஃபேஸில் (சுற்றில் தொடங்கும் இடத்தில்) 90 டிகிரி விலகியிருந்தால் நடுப்புள்ளியில் 3 டெசிபல் இழப்பு, 180 டிகிரி என்றால் அங்கே ஆதார சுரமே இராது. தனியாகக் கேட்டால் இரண்டு ஃபிரேமும் நன்றாக இருக்கும் என்பதால்தான் இது பிடிபடுவதில்லை. ‘ஃபேஸ் சீராக்கு’ அழுத்தினால் எல்லா ஃபிரேமும் முதல் ஃபிரேமின் ஃபேஸுக்கு வரும். வடிவம் திரையில் மாறும், நின்ற ஒலி மாறாது.

பதிவு செய்த ஒலியிலிருந்து வேவ்டேபிள் எடுப்பவர்களுக்குத் தம்புராவைப் பரிந்துரைக்கிறோம். ஜீவா நூல் சரியாக அமைந்த தந்தியை ஒருமுறை மீட்டினால், மேல் ஹார்மோனிக்ஸ் எழுந்து அடங்குவது ஓரிரு விநாடிக்கு நீளும். ஃபிரேம்களாக நறுக்குவதற்கு அதைவிடப் பொருத்தமான ஒலி அரிது. ஒரு கட்டையில் ஆதார சட்ஜம் 130.81 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுற்று 337.13 சாம்பிள். பழைய பதிப்பு இதை 337 என்று முழு எண்ணாக்கிவிடும். விடுபட்ட 0.13 சாம்பிள் 256 சுற்றில் சேர்ந்து 33 சாம்பிள் ஆகும். ஃபேஸ் 30 டிகிரிக்கு மேல் நழுவியிருக்கும். புதியதில் அதிர்வெண்ணை இரண்டு தசமம் வரை கொடுக்கலாம். தம்புரா காதால் கூட்டப்பட்டது, எனவே அட்டவணையில் உள்ள எண்ணைப் போடாமல் ‘அளந்து சொல்’ பட்டனை அழுத்தி வரும் எண்ணைப் போடுங்கள். 256 சுற்று என்பது ஏறக்குறைய 2 விநாடி. 64 ஃபிரேம் போதும் என்றால் நான்கு சுற்றுக்கு ஒன்று எடுக்கும்படி வையுங்கள். நாதஸ்வரம் எடுப்பவர்கள் கமகம் இல்லாமல் நேராகப் பிடித்த ஒரு சட்ஜத்தையே எடுங்கள். அசைந்த சுரத்தில் சுற்றின் நீளம் மாறிக்கொண்டே இருக்கும், நறுக்கு எங்கெங்கோ விழும்.

வேவ்டேபிளை இனி புராஜெக்டுக்குள்ளேயே சேமிக்கிறோம். முன்பு கோப்பின் இருப்பிடத்தை மட்டும் எழுதி வைத்ததால், வீட்டில் செய்ததை மிக்ஸிங் அறைக்கு எடுத்துப்போனால் வெறும் சைன் அலை மட்டும் ஒலித்தது. பழைய புராஜெக்டுகளை அவை உருவான கம்ப்யூட்டரிலேயே ஒருமுறை திறந்து சேமித்துவிடுங்கள், வேவ்டேபிள் உள்ளே வந்துவிடும்.

விஎஸ்டி2 (பிளகின் இசை மென்பொருளோடு இணையும் பழைய வடிவம்) இந்தப் பதிப்பில் இல்லை. அதை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் 2018இலேயே அதன் டெவலப்பர் கிட்டை வழங்குவதை நிறுத்திவிட்டது. விஎஸ்டி3, ஆடியோ யூனிட் இரண்டும் தருகிறோம். விஎஸ்டி2 வழியாகச் செய்த புராஜெக்ட் இருந்தால் அந்தப் பழைய பிளகின் கோப்பை அழிக்காதீர்கள். அதில் திறந்து, பிரீசெட்டாகச் சேமித்து, புதிய டிராக்கில் விஎஸ்டி3இல் ஏற்றுங்கள். ஆட்டோமேஷன் கோடுகளை மட்டும் கையால் நகலெடுக்க வேண்டியிருக்கும். விண்டோஸில் புதிய கோப்பு சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், விஎஸ்டி3 ஃபோல்டரில் அமரும். அதை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டாம். மேக்கில் லாஜிக் மென்பொருளின் பட்டியலில் பிளகின் வரவில்லை என்றால் முதலில் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்; அப்போதும் இல்லை என்றால் பிளகின் மேனேஜரில் எங்கள் வரியைத் தேர்ந்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

படபடவென்று வெடிக்கும் சத்தம் வந்தால், எழுதும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: அந்த இடத்தை ஆஃப்லைனில் பவுன்ஸ் செய்து கேளுங்கள். பவுன்ஸில் சத்தம் இல்லை என்றால் உங்கள் சிபியூ நேரத்துக்குள் கணக்கை முடிக்கவில்லை. 256 சாம்பிள் பஃபர் (ஒரு தடவையில் கணக்கிட்டு முடிக்க வேண்டிய துண்டு) என்றால் 5.8 மில்லி விநாடிதான் அவகாசம். 16 சுரம், யூனிசன் 7 (ஒரு சுரத்துக்கு 7 ஆசிலேட்டர்) வைத்தால் 112 ஆசிலேட்டர் ஒரே நேரத்தில் ஓடும். மிக்ஸ் செய்யும்போது பஃபரை 512க்கோ 1,024க்கோ ஏற்றுங்கள், யூனிசனை 5 ஆக்குங்கள். பவுன்ஸிலும் சத்தம் இருந்தால் அது அலையிலோ எங்கள் நிரலிலோ இருக்கிறது. அப்போது கட்டாயம் எழுதுங்கள்.

எழுதும்போது இவை வேண்டும்: ஓஎஸ் பதிப்பு, டிஏடபிள்யூவின் (நீங்கள் வேலை செய்யும் இசை மென்பொருளின்) பெயரும் பதிப்பும், சாம்பிள் ரேட், பஃபர், எஞ்சின் 2ஆ 3ஆ என்பது, எங்கள் பிளகின் மட்டும் உள்ள ஒரு டிராக் புராஜெக்ட், பத்து விநாடி வேவ் கோப்பு. சுரத்தின் பெயருக்குப் பதில் மிடி எண்ணை (ஒவ்வொரு சுரத்துக்கும் உள்ள எண்) சொல்லுங்கள். மேலே சொன்ன ஜி ஷார்ப்பை ஒரு டிஏடபிள்யூ 5 என்றும் இன்னொன்று 4 என்றும் எழுதும், மிடி எண் எங்கும் 80தான். எம்பி3 வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். நாங்கள் தேடும் சத்தம் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில்தான் இருக்கும், சுருக்கும்போது முதலில் போவதும் அதுதான்.