சிரட்டையைக் கவிழ்ப்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

சிக்குன்குனியா என்றாலே 2006 தான் நமக்கு ஞாபகம் வரும், ஆனால் இந்தியாவில் அது 1963-லேயே கல்கத்தாவில் வந்துவிட்டது, அடுத்த ஆண்டு சென்னையில் பரவியது, 1973-ல் மகாராஷ்டிராவின் பார்சியில் தலைகாட்டிவிட்டு அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆளையே காணோம். ஒழிந்தது என்று நினைத்தோம். 2005 இறுதியில் திரும்பி வந்தது. 2007-ல் பக்கத்துக் கேரளத்தில் பரவியபோது வைரஸில் ஏற்பட்டிருந்த ஒரு சிறு மாற்றம், ரப்பர் தோட்டங்களில் மண்டும் ஆசியப் புலிக்கொசுவுக்குள் அது எளிதாகப் பெருக வழிசெய்தது.

குலசேகரம், அருமனை பக்கம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றால், பால் பிடிக்க மரத்தில் மாட்டிய சிரட்டைகளில் தண்ணீர்தான் நிறையும். புகை அடிக்கிறவர்கள் ரோட்டோடு போய்விடுகிறார்கள் (போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கிறது), தோட்டத்துக்குள் யார் வருகிறார்கள்? இந்தக் கொசு கடிப்பதும் பகலில், அதாவது முதலில் பால் வெட்டுகிறவர்களை. முட்டையோ காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வெட்டு இல்லாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்று ஊராட்சிகள் தோட்ட உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்தட்டும், அதற்குக் கூலியும் தனியாகக் கொடுக்கச் சொல்லட்டும், சும்மா யாரும் செய்யமாட்டார்கள்.

ஒரு வாசகர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்