கூடலூரிலிருந்து ராஜிக்கு

கூடலூர்,
ஆடி 12

அன்புள்ள ராஜி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே மழை விட்டபாடில்லை, கரண்ட் போனால் மறுநாள்தான் வருகிறது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கொஞ்ச நாள் மாடிப்படி ஏற விடாதே.

உன் ப்ளஸ் டூ வகுப்பில் ஒரு பையன் கேட்டதாக எழுதியிருந்தாயே, “ஒரே ஜீன்ல ஒரே தப்புன்னா நோயும் ஒரே மாதிரிதானே டீச்சர் இருக்கணும்?” என்று. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ஏனென்றால் நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே பணியர் பழங்குடிக் குடியிருப்பில் அக்கா தங்கை இரண்டு பேர். அக்காவுக்கு 19, தங்கைக்கு 15. இருவருக்கும் ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் சிக்கிள் செல் நோய், அம்மாவிடமிருந்து ஒன்று அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதான ஜீனும் வந்துவிட்டன. (இந்தியாவில் இது முதன்முதலாகப் பதிவானதே 1952-இல், இந்த நீலகிரிப் பழங்குடிகளிடம்தான்.) இதற்கு நாங்கள் செய்யும் டெஸ்ட் இதுதான்: ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம், அதில் ஆக்சிஜனை எடுத்துவிடும் மெட்டாபைசல்பைட் கரைசல், மேலே கவர் கிளாஸ், காற்று புகாமல் ஓரமெல்லாம் அடைப்பு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் உருண்டையாக இருந்த செல்லெல்லாம் இரண்டு முனையும் கூராகி வளைந்து கிடக்கும். இரண்டு பெண்களின் ஸ்லைடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று என்னாலேயே சொல்ல முடியாது.

ஆனால் அக்கா கொழுந்து பறிக்கப் போய் வருகிறாள். தங்கையோ போன வருஷ மழையில் மட்டும் நான்கு தடவை அட்மிட் ஆனாள். எலும்புக்குள் வலி, கத்தக்கூடத் தெம்பிருக்காது. “குளிர்ல விட்டுட்டியா? தண்ணி குடிக்க வெக்கலையா?” என்று அந்தத் தாயை எத்தனை முறை கடிந்திருக்கிறேன் தெரியுமா? அவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள்.

போன மாசம் இருவருக்கும், ரத்தத்தில் எந்த வகை ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ஹெச்பிஎல்சி ரிப்போர்ட் வந்தது. ஹீமோகுளோபின் எஃப் அக்காவுக்கு 26 சதவீதம், தங்கைக்கு 9. இருவருமே அப்போது எந்த மாத்திரையும் எடுக்கவில்லை. எஃப் என்பது கருவில் இருக்கும் பிள்ளையின் ஹீமோகுளோபின், பிறந்து ஆறேழு மாசத்தில் பெரும்பாலும் நின்றுபோகும். பச்சைக் குழந்தைகளின் செல்கள் அவ்வளவாக வளைவதில்லை என்பதை நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் 1948-லேயே கவனித்துச் சொல்லியிருக்கிறார். எஃப் கலந்திருந்தால் பழுதான ஹீமோகுளோபின் ஒன்றோடொன்று எளிதில் கோத்துக்கொள்ள முடியாது. ஆக அக்காவைக் காப்பாற்றி வருவது அதுதான்.

சரி, அக்காவுக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? இங்கேதான் உன் பையனுக்குப் பதில் இருக்கிறது. பழுதான ஜீனும், எஃப் செய்யும் காமா ஜீனும் 11-ஆம் குரோமோசோமில் பக்கத்து வீடுகள். இரண்டு பெண்களும் அந்தப் பழுதை வாங்கும்போதே அக்கம்பக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அந்தத் தெருவே இருவருக்கும் ஒன்று. அப்படியானால் வித்தியாசம் வேறு ஊரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எங்கள் டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது ராஜி.

அந்த வேறு ஊர்களில் முக்கியமானது 2-ஆம் குரோமோசோம். அங்கே பிசிஎல்11ஏ என்று ஒரு ஜீன். இதற்கும் எஃப் அளவுக்கும் தொடர்பிருப்பது 2007-இல் லண்டனிலும், அடுத்த வருஷம் சார்டினியா தீவு மக்களிடமும் தெரியவந்தது. அதே 2008-இல் பாஸ்டனில் விஜய் சங்கரனும் ஸ்டூவர்ட் ஆர்கினும் காரணத்தைக் காட்டினார்கள்: அந்த ஜீன் செய்கிற புரதம்தான் காமா ஜீனை அடைத்து வைக்கிறது. 2-இல் இருக்கிற ஜீனின் புரதம் 11-க்குப் போய் வாசலில் உட்கார்ந்துகொள்கிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. மனிதருக்கு மனிதர் மாறுகிற அந்த டி.என்.ஏ. எழுத்து புரதத்துக்கான பகுதியிலேயே இல்லை. ஜீனின் நடுவே, நாம் ‘இன்ட்ரான்’ என்று படித்து வெறும் இடம் என்று தாண்டிப்போன பகுதியில் இருக்கிறது. சிவப்பணு உருவாகும்போது மட்டும் வேலை செய்கிற ஒரு ஸ்விட்ச் அது. அங்கே ஓர் எழுத்து மாறினால் புரதம் கொஞ்சம் குறையும், அடைப்புத் தளரும், எஃப் கசியத் தொடங்கும். மேட்டூரில் ஷட்டரை ஒரு சாண் அசைத்தால் உங்கள் ஊர் வாய்க்காலில் தெரிகிற மாதிரி. 6-ஆம் குரோமோசோமிலும் இப்படி ஓர் இடம் இருக்கிறதாம். அந்தப் பெண்ணுக்கு எது கைகொடுத்தது என்று கண்டுபிடிக்க எங்களிடம் வசதியில்லை.

இந்த ஸ்விட்சைத்தான் க்ரிஸ்பர் என்கிற ஜீன் வெட்டும் கருவி கொண்டு வெட்டி ஒரு சிகிச்சை செய்திருக்கிறார்கள். 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். இந்தக் குடியிருப்புக்கு அது எந்தக் காலத்தில் வந்து சேரும் என்று நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இப்போதைக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை இருக்கிறது, அதுவும் எஃபைக் கூட்டும். தங்கைக்கு ஆரம்பித்தாயிற்று. இந்த மழையில் இதுவரை ஒரு தடவைகூட அட்மிட் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்கே போய், “உன் கவனிப்புல குறையில்ல, நான்தான் தப்பாப் பேசிட்டேன்” என்று அந்தத் தாயிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

பூஜை லீவுக்கு நீ கண்டிப்பாக வரவேண்டும். அந்தப் பையனிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கஸ்தூரி