‘பாஸ்கரன்’ என்றால் சூரியன் அல்ல: இசைத்தட்டுக் காப்பகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய காப்பகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளை (78 சுழற்சித் தட்டுகளை) எண்மமாக்கி நீங்கள் வெளியிட்ட பட்டியலை முழுக்கப் பார்த்தோம். அதற்கு நன்றி. ஒப்புக்குச் சொல்லவில்லை, கைதவறினால் சில்லுச் சில்லாகிப் போகும் அரக்குத் தட்டுகளைத் தூசு தட்டி, ஒவ்வொன்றாக ஓட்டிப் பதிவது எவ்வளவு பொறுமை கேட்கிற வேலை என்பது எங்களுக்குத் தெரியும்.

ஆனால் மதுரகவி பாஸ்கரதாஸின் நாடகப் பாட்டு ஒன்றுக்கு ‘இயற்றியவர்’ என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்றும், ‘பொருள்’ என்ற கட்டத்தில் ‘சூரிய துதி’ என்றும் போட்டிருக்கிறீர்கள். கடைசிச் சரணத்தில் ‘பாஸ்கரன்’ என்று வருவதுதான் இதற்குக் காரணமாக இருக்க வேண்டும். அது வானத்துச் சூரியன் இல்லை, ஐயா. பாட்டை எழுதியவர் வைத்த முத்திரை, அதாவது பாட்டுக்குள்ளேயே பதித்துவைத்த தன் பெயர்.

அவர் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1892இல் நாகலாபுரத்தில் வெள்ளைச்சாமியாகப் பிறந்தவர், மதுரையில் இருந்துகொண்டு நாடக மேடைக்கு எழுதிக் குவித்தவர், 1931 அக்டோபர் 31இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ பேசும் படத்தின் பாடலாசிரியர் என்பதெல்லாம் உங்கள் முன்னுரையிலேயே பெருமையாக இருக்கிறது. உள்ளே பட்டியலில்தான் ஆளைக் காணோம்.

தட்டின் முகப்புச் சீட்டில் பெயர் இல்லையே என்பீர்கள். இருக்காதுதான். அந்தக் காலத்துக் கம்பெனிகள் பாடியவர் பெயர், ராகம், தாளம், ‘நாடகப் பாட்டு’ என்ற வகை, தட்டு எண் ஆகியவற்றோடு பெரும்பாலும் நிறுத்திக்கொண்டன. எழுதியவருக்கு இடம் கொடுத்த சீட்டுகள் குறைவு. அதனால்தான் சரணத்து முத்திரை இவ்வளவு முக்கியமாகிறது. பல தட்டுகளில் எழுதியவரின் கையெழுத்து அது ஒன்றுதான். அந்தக் கையெழுத்து எண்மமாக்கும்போது எப்படி அழிகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம் ஓடும். பல்லவி, அனுபல்லவி, மூன்று சரணம் என்று மேடையில் கால் மணி நேரம் பாடியதை அதற்குள் அடக்க முடியாது. நடுச் சரணத்தை வெட்டுவார்கள், அல்லது மிச்சத்தை மறுபக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். முத்திரை கடைசிச் சரணத்தில் வருவதால் அது பெரும்பாலும் இரண்டாம் பக்கத்தின் கடைசியில், சீட்டுக்கு மிக அருகில், உள்வட்டத்தில் போய் விழும். ஊசிக்கு அடியில் தட்டு ஓடும் வேகம் வெளிவட்டத்தில் இருப்பதைவிட அங்கே பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே ஒலியைக் குறைந்த நீளத்தில் நெருக்கிப் பதித்திருப்பார்கள். ஒரே எஃகு ஊசியை மாற்றாமல் நாலைந்து பக்கம் ஓட்டியவர்கள் வீட்டிலிருந்து வந்த தட்டு என்றால் அந்த இடம் தேய்ந்தே போயிருக்கும். ஆக, பெயர் இருக்கும் இடம்தான் தட்டிலேயே மோசமான இடம்.

அதன் மேல் நீங்கள் செய்வது மூன்று. பிற்காலத்தில் வந்த, நெடுநேரம் ஓடும் எல்.பி. தட்டுக்கான மெல்லிய ஊசியைப் போடுகிறீர்கள். 78 சுழற்சித் தட்டில் ஒலி பதிந்த பள்ளம் அகலமானது. அதற்குச் சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். 25 மைக்ரான் ஊசி அடியில் இறங்கித் தூசையும் கீறலையும்தான் உழுதுகொண்டு வரும். அடுத்து, தாழ்ந்த ஒலியையும் உச்ச ஒலியையும் ஏற்றி இறக்கிச் சமன்செய்யும் அமைப்பை எல்.பி. காலத்து அளவில் வைத்தே பதிகிறீர்கள். அது உச்ச ஒலிப் பகுதியில், 10,000 ஹெர்ட்ஸில், ஏறத்தாழ 14 டெசிபெல்லைக் குறைத்துவிடும். எல்.பி.யில் அந்தப் பகுதியை முன்பே உயர்த்திப் பதித்திருப்பதால் கணக்கு சரியாகும். முப்பதுகளின் தட்டுகளில் அப்படி உயர்த்தும் வழக்கம் பொதுவாக இல்லை. கடைசியாக, மீதியிருக்கும் இரைச்சலையும் மென்பொருளால் துடைக்கிறீர்கள். அந்த மென்பொருளுக்கு ‘ஸ்’ என்ற எழுத்தும் இரைச்சலும் ஒன்றுதான். ‘பாஸ்கரன்’ உங்கள் கோப்பில் ‘பா…கரன்’ ஆகிறார். சில கோப்புகளில் கைதட்டல் போல் இரைகிறது என்று கடைசி ஏழெட்டு நொடிகளை மங்கவிட்டு முடித்திருக்கிறீர்கள். பெயரே போய்விட்டது.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ‘இயற்றியவர்’ கட்டத்தை, கேட்டு, தேடி, நிரப்புங்கள். ‘தெரியவில்லை’ என்று எழுதுவதற்கு முன் இரண்டாம் பக்கத்தைக் கடைசிச் சுற்று வரை கேளுங்கள்.

செலவு பெரிதில்லை. துடைக்காத மூலப் பதிவு ஒன்றை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் தனியாக வையுங்கள். துடைத்த பிரதியைப் பொதுமக்களுக்குக் கொடுங்கள். பள்ளம் பக்கவாட்டில் நெளியும்படி வெட்டிய தட்டு என்பதால் இடது, வலது என்ற இரண்டு ஒலித்தடங்களையும் கூட்டி ஒன்றாக்கினாலே கரகரப்பில் கணிசமான பகுதி அடங்கிவிடும், ‘ஸ்’ தப்பிக்கும். தட்டைக் கழுவும்போது மட்டும் சாராயம் கலந்த திரவம் வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். சீட்டையும், அதைச் சுற்றியுள்ள வெற்றுப் பகுதியில் கீறியிருக்கும் எண்ணையும் படம் எடுத்துப் போடுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒரே பதிவாக இணையுங்கள். இப்போது ‘பகுதி 1’ ஓரிடத்திலும் ‘பகுதி 2’ வேறொரு பாட்டாகவும் கிடக்கின்றன.

பாட்டை எந்த அடியால் அகரவரிசைப்படுத்துவது என்பதிலும் கவனம் வேண்டும். நாடகப் பாடகர்கள் பல்லவிக்கு முன் தாளமில்லாமல் பாடும் விருத்தமோ தொகையறாவோ பாடித்தான் தொடங்குவார்கள். அதைப் பாட்டின் முதலடி என்று எடுத்தால் பாட்டுப் புத்தகத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது. விருத்தம் தாயுமானவருடையது என்றால் முழுப் பாட்டும் தாயுமானவர் கணக்கில் ஏறிவிடும். (ஏறியிருக்கிறது. அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்ற தைரியம் போலும்.) பல்லவியை எடுத்துக்கொண்டு நாடகப் பாட்டுப் புத்தகங்களோடு ஒப்பிடுங்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அந்தச் சிறு பிரசுரங்கள் இருக்கின்றன. பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகளையும் அவர் பேரன் முருகபூபதி தொகுத்து அச்சில் கொண்டுவந்துவிட்டார். இத்தனையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ‘தெரியவில்லை’ என்பதற்கு ‘தேடவில்லை’ என்றுதானே பொருள்?

உரிமைச் சிக்கல் என்றும் சொல்ல வழியில்லை. அவர் மறைந்தது 1952. இந்தியச் சட்டப்படி அதன்பின் 60 ஆண்டு. 2012 முடிவோடு பதிப்புரிமை தீர்ந்தது. முப்பதுகளின் ஒலிப்பதிவுகளுக்கு அதற்கும் முன்பே. ஆனால் எழுதியது தான்தான் என்று உரிமை கோரும் உரிமையைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியாகவே வைத்திருக்கிறது என்பதை உங்கள் சட்ட ஆலோசகர் நினைவூட்டியிருக்கலாம்.

இது உங்களோடு நிற்கும் வியாதியும் இல்லை. வானொலியில் பாடியவர் பெயர் வரும், இசையமைத்தவர் பெயர் வரும், படத்தின் பெயர் வரும், நேயர் விருப்பம் கேட்டவரின் ஊர்கூட வரும். எழுதியவர் பெயர் வருவதற்குள் விளம்பரம் வந்துவிடும். சொல் தானாக வாயில் முளைக்கிறது என்று நினைக்கிறார்கள் போல. சரி, அந்தக் கோபத்தை உங்கள் தலையில் இறக்குவது முறையல்ல. மன்னிக்கவும்.

பணிவாகவே கேட்கிறோம். ‘இயற்றியவர்’ கட்டத்தை நிரப்புங்கள். பாஸ்கரதாஸ், மதுர பாஸ்கரதாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ் என்று சிதறிக் கிடக்கும் பெயர்களை ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவாருங்கள். காது கொடுத்து முத்திரை பார்த்துத்தர ஆள் போதவில்லை என்றால் துடைக்காத கோப்புகளை எங்களுக்கு அனுப்புங்கள்; சரணங்களை எழுத்து எழுத்தாகப் படியெடுத்து, சம்பளம் இல்லாமல் செய்துதருகிறோம். முதல் வேலையாக அந்தச் ‘சூரிய துதி’யை மட்டும் இந்த வாரத்திலேயே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய தட்டுகளைப் பட்டியலிடும் சிலர்