வெற்றிலை துடைத்துக் கொடுத்த அம்மாவுக்கு

சைகோனில் ஞாயிற்றுக்கிழமை என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். பெண் அந்த ஊர்க்காரி. தென் வியட்நாம் வழக்கப்படி இரட்டைப்படையில், 6 சிவப்புத் தட்டுகளோடு போனோம். பழம், தேயிலை, பலகாரம் என்று எல்லாம் இருந்தாலும் முதல் மரியாதை வெற்றிலை பாக்குக்குத்தான். நம்ம தாம்பூலம் மாதிரியே.

பெண் வீட்டுச் சந்து முனையில் வேனிலிருந்து இறக்கும்போது அந்தத் தட்டே சரிந்துவிட்டது. முதல் நாள் மழைத் தண்ணீரில் வெற்றிலை அத்தனையும் நனைந்துபோனது. நல்ல நேரத்துக்கு இருபது நிமிடம்தான் பாக்கி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அங்கே காபி விற்றுக்கொண்டிருந்த அம்மா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். துண்டை மடியில் விரித்து, ஒவ்வொரு இலையாகக் காம்பைப் பிடித்துத் துடைத்து, நுனி வெளியே தெரிய அடுக்கினார். பாக்குக் குலையில் அவிழ்ந்திருந்த சிவப்பு ரிப்பனையும் கட்டிவிட்டார். பணம் நீட்டினேன், என் கையை மூடிவிட்டு, "போ, போ" என்று சைகை காட்டினார்.

விழா முடிந்ததும், அந்த ஊர் வழக்கப்படி, பெண் வீட்டார் அந்தக் குலையில் ஒரு பங்கைக் கத்தி படாமல் கையாலேயே பிய்த்து எங்களுக்குத் திருப்பித் தந்தார்கள். அதில் கொஞ்சம் உங்களுக்குக் கொடுக்க ஓடி வந்தேன் அம்மா, கடை மூடியிருந்தது. ரொம்ப நன்றி. உங்கள் பங்கு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.