துண்டுச்சீட்டு சிகிச்சை ஆகாது

மகளிர் மருத்துவத் துறையினருக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிகிறது என்று ஒரு மூதாட்டி வாய்விட்டுச் சொல்லவே வருடக்கணக்கில் ஆகிறது. அவர் கையில் ‘கெகல் பயிற்சி’ (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் தசைகளான இடுப்புத்தளத்தை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) என்று அச்சடித்த சீட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். ‘சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கவும், தினம் 50 தடவை. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகவும்.’ அவ்வளவுதான்.

வீட்டில் அவர் அதை எப்படிச் செய்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. மூச்சைப் பிடித்து, வயிற்றை எக்கி, தொடையையும் பிட்டத்தையும் நெரிக்கிறார். பலர் உள்ளே மேலிழுப்பதற்குப் பதில் முக்குகிறார்கள். முக்கினால் இடுப்புத்தளம் கீழ்நோக்கித் தள்ளப்படும், கசிவு குறையாது. மூன்று மாதம் கழித்து ‘பயிற்சி பலிக்கவில்லை’ என்று எழுதிவிடுகிறீர்கள். அவரோ தன்னையே நொந்துகொண்டு தண்ணீரைக் குறைக்கிறார். மலம் இறுகுகிறது, கழிப்பறையிலும் முக்குகிறார், தசை இன்னும் தளர்கிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பயிற்சியைத் தொடங்குமுன், இதில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவர், அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, யோனிக்குள் விரல் வைத்துத் தசையைச் சோதிக்க வேண்டும். இழுக்கிறாரா முக்குகிறாரா, எத்தனை நொடி தாங்குகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும். 3 நொடிதான் முடிகிறதென்றால் 3 நொடியில் தொடங்கி, மெல்ல 10 நொடிவரை கூட்டலாம். வேளைக்குக் குறைந்தது 8 இறுக்கம், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம். இறுக்கியபின் முழுதாகத் தளர்த்தவும் பழக்க வேண்டும். முதலில் படுத்தபடி, பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்று. இருமுவதற்கு முன்பும் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பும் இறுக்கிக்கொள்வதுதான் அன்றாடத்தில் கைகொடுப்பது. உங்கள் சீட்டில் அது இல்லவே இல்லை. சிறுநீர் போகும்போது நடுவில் நிறுத்திப் பழகச் சொல்லும் வரியையோ தயவுசெய்து எடுத்துவிடுங்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

அடக்க முடியாத அவசரத்தால் வழியிலேயே நனைந்துவிடுகிறவருக்கு வைத்தியம் வேறு: எப்போது, எவ்வளவு சிறுநீர் போகிறது என்று எழுதிவைக்கும் 3 நாள் சிறுநீர்க் குறிப்பு, கழிப்பறைக்குப் போகும் இடைவெளியை மெல்ல நீட்டிப் பழகும் சிறுநீர்ப்பைப் பயிற்சி 6 வாரமாவது. அவருக்கும் அதே சீட்டுதானா?

முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் பிசியோதெரபி கேட்காமலே கிடைக்கிறது. இதற்கு மட்டும் ‘வயசானால் அப்படித்தான்’ என்ற பதில். அந்தப் பதிலைக் கேட்டவர் மறுபடி வாய் திறப்பதில்லை.

புறநோயாளிப் பிரிவில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும், வாரத்தில் சில மணி நேரம் ஒரு பிசியோதெரபிஸ்டும் போதும். சீட்டைக் கொடுக்குமுன் ஒருமுறை சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்டுகள்