சுவரில் படம் வரையும் முன்: நகர நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மேம்பாலத் தூண், சுரங்கப்பாதைச் சுவர், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நீளும் மதில் என்று வெறும் சிமெண்ட் தெரிகிற இடங்களில் எல்லாம் ஓவியம் தீட்ட நீங்கள் முன்வருவதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். தினமும் அந்த வழியாகப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் திறப்பு விழா முடிந்து, போட்டோ எடுத்து, எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அந்தச் சுவர் எப்படி இருக்கிறது என்று யாராவது திரும்பப் போய்ப் பார்க்கிறீர்களா?

பெரும்பாலும் அடியிலிருந்துதான் கெட ஆரம்பிக்கிறது. தரையிலிருந்து ஈரம் ஏறி, உப்பு பூத்து, பெயிண்ட் கொப்பளித்து, ஓவியத்தில் நிற்கிற மனிதர்களின் கால்கள்தான் முதலில் உதிர்கின்றன. வெயில் நேராக விழுகிற சுவர் என்றால் வண்ணமும் சீக்கிரம் வெளிறிவிடும், அப்புறம் அதன்மேல் யாராவது போஸ்டர் ஒட்டுவார்கள். இதற்கு ஓவியரைக் குறை சொல்லாதீர்கள். ஈரக்கசிவை அடைக்காமல், பழைய பூச்சைச் சுரண்டாமல், ப்ரைமர் என்கிற அடிப்பூச்சு காயக்கூட நேரம் தராமல் விழாத் தேதியைக் குறித்துவிட்டு அவசரப்படுத்தினால் எவ்வளவு கைதேர்ந்தவர் வரைந்தாலும் நிற்காது.

இன்னொன்று, அங்கே புழங்குகிறவர்களிடம் முதலில் கேளுங்கள். நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா என்ற பெரிய சிற்பியின் 120 அடி நீள இரும்புச் சிற்பத்தை 1981-ல் ஒரு சதுக்கத்தின் குறுக்கே நிறுத்தினார்கள். அக்கம்பக்க அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களில் பலருக்கு அது வழியை மறிக்கிற இரும்பாகத்தான் தெரிந்தது. விசாரணை, வழக்கு என்று இழுத்து, 1989-ல் அறுத்து எடுத்துப் போனார்கள். பிலடெல்பியாவில் நடந்தது வேறு. சுவர்க் கிறுக்கல்களை ஒழிக்க நகர நிர்வாகம் 1984-ல் தொடங்கிய திட்டத்தில், கிறுக்கிக்கொண்டிருந்த இளைஞர்களையே ஜேன் கோல்டன் என்ற ஓவியர் சேர்த்துக்கொண்டு சுவரோவியம் வரைய வைத்தார். இன்று அந்த நகரத்தில் ஆயிரக்கணக்கான சுவரோவியங்கள் வந்துவிட்டன. தன் கை பட்ட சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்ட விடுவாரா?

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். தெருவிளக்கு எரியாத, குப்பை அள்ளாத இடத்தை மறைக்க ஓவியத்தைப் பயன்படுத்தாதீர்கள், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஓவியருக்குப் பெயிண்ட் செலவோடு உழைப்புக்கும் கூலி கொடுங்கள், சுவரில் அவர் பெயர் இருக்கட்டும். பராமரிப்புப் பணத்தை "பிறகு பார்க்கலாம்" என்று தள்ளாமல், ஓவியத்துக்கு ஒப்புதல் தருகிற அதே கோப்பிலேயே ஒதுக்கி, எந்த ஆண்டு யார் வந்து பழுது பார்ப்பார்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். பணம் போதாதா? பத்துச் சுவரில் வரைய நினைத்ததை மூன்றாகக் குறையுங்கள்.

இப்படிக்கு,
அந்தச் சுவர்களைத் தினமும் கடந்து போகிற ஒருவர்