பங்கு இளையோர் இயக்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2025–26

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பங்குத்தந்தை, உதவிப் பங்குத்தந்தை, அருட்சகோதரிகள், அன்பியப் பொறுப்பாளர்கள், பெற்றோர், இளையோர் அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். திறந்தாவது பாருங்கள்.

ஆகஸ்ட் 29 அன்று பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோவில் கொடியேற்றத்துக்கு நடைபயணம் போனோம். கிறிஸ்து அரசர் பெருவிழாவில் இளையோர் நாள் கொண்டாடினோம். குடில் கட்டினோம். ஜனவரி 31, தொன் போஸ்கோ விழாவுக்குக் கேரம் போட்டி. தவக்காலத்தில் பரங்கிமலைப் படிகளில் சிலுவைப்பாதை. கேரல் பவனிக்கு மட்டும் வேன் கொள்ளாத கூட்டம். அங்கே கேக் கிடைக்கும்.

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறுதிபூசுதல் (விசுவாசத்தை உறுதிப்படுத்தும் திருச்சடங்கு) முடிந்ததும் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்று வருடாவருடம் புலம்புகிறோம். டியூஷன், நீட், ஜேஇஇ என்று காரணமும் சொல்லிக்கொள்கிறோம். இந்த முறை ஒரு பெட்டி வைத்து, பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடச் சொன்னேன். கேலிக்கூத்தாகும் என்று செயற்குழுவில் சிலர் எச்சரித்தார்கள். ஒன்றிரண்டு சீட்டில் சிஎஸ்கே ஸ்கோர் கேட்டிருந்தது உண்மைதான். மற்றவை அப்படியில்லை. “பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை ஃபாதர் எங்கம்மாகிட்ட சொல்லிடுவாரா?” என்று ஒன்று. மாட்டார், குருவிடம் அறிக்கையிட்ட பாவங்களை வெளியே சொன்னால் குருவுக்கே திருச்சபைக்குப் புறம்பாக்கும் தண்டனை உண்டு என்று உதவிப் பங்குத்தந்தை விளக்கினார். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தன வரிசை நீண்டதைப் பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14ஆம் லியோ, கார்லோ அக்குதிசுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். நற்கருணை அற்புதங்களை இணையதளத்தில் தொகுத்த அந்தப் பையன், 2006இல் 15 வயதில் இரத்தப் புற்றுநோயில் இறந்தவன். பெட்டியில் வந்த கேள்வி: “தினமும் பூசைக்குப் போனவனையே கடவுள் ஏன் காப்பாத்தல?” மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டிருந்தால் வாயை மூடச் சொல்லியிருப்போம். இங்கே ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுந்து, “இந்தத் துன்பம் நீங்கட்டும்னு கெத்சமனித் தோட்டத்துல இயேசு கேட்டதும் நடக்கலையே” என்றாள். அப்புறம் எங்களுக்கு வேலையே இல்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள். இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளையோரே என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் ‘கிறிஸ்து வாழ்கிறார்’ மடலில் எழுதியதும் இதைத்தான். எச்சரித்தவர்கள் யாரும் அன்று வரவில்லை.

பிள்ளைகளோடு ஒரு பெரியவர் மட்டும் தனியாக இருக்கக் கூடாது என்பது நம் பங்கின் விதி. சரியான விதி. ஆனால் இரண்டாவது ஆள் கடைசி நேரத்தில் “வர முடியல” என்று செய்தி அனுப்ப, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பிய சனிக்கிழமைகளும் உண்டு.

கணக்கு விவரம் பொருளாளரிடம். சந்தா, நன்கொடை, கேக் விற்பனை எல்லாம் சேர்ந்து வரவு. செலவு அதைவிடச் சற்றுக் கூடுதல். வித்தியாசத்தை யார் போட்டார் என்று எழுத வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை. மாதம் 30 ரூபாய் சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் குறைவு. “ஜிபே பண்றேன்” என்றவர்கள் பலர்.

ஒத்துழைத்த அனைவருக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், சுண்டல் செய்த தாய்மார்களுக்கும் நன்றி.

2027 ஆகஸ்டில் சியோலில் உலக இளையோர் நாள். போகலாமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். சனிக்கிழமை மாலை மாடி அறைக்கு வர ஆள் கிடைத்தால் எனக்குப் போதும். அடுத்த ஆண்டும் நானே செயலாளராகத் தொடர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வாசல் மேசையில் சனிக்கிழமைப் பொறுப்புக்குப் பெயர் எழுத ஒரு நோட்டு இருக்கிறது. பிரியாணி டோக்கனும் அதே மேசையில்தான்.

இப்படிக்கு,
செயலாளர்